சக்கரத்துக் கோடு

"எங்க வீட்டுக்காரர் யாரையும் கொல்லலை மேடம்" என்று வாசற்படியிலேயே சொல்லிவிட்டாள் அந்தப் பெண். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் பின்னால் நின்ற மனிதர், "உள்ள போய் உட்கார்ந்து நிதானமா சொல்லும்மா" என்று அவள் தோளைத் தொட்டார். அவர் கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. தையற்கடையிலிருந்து போட்டது போட்டபடி கிளம்பியிருக்கிறார்.

வாத்தியார் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தவர். வேலை முடிந்தால் நேரே அண்ணியின் வீட்டுக்கு வந்துவிடுவார். அவருடைய அண்ணன் மனைவியான அந்த அம்மாள், ஓய்வு பெறும்வரை இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து எது நிஜம், எது புளுகு என்று சொல்லும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஜனங்கள் விட்டால்தானே! அண்ணி கேள்வி கேட்பார், வாத்தியார் ஓடுவார். ஓடுவதில் அவருக்கு அப்படி ஒரு குஷி. இந்த விவகாரத்தில் மட்டும் அந்தக் குஷி கடைசிவரை நிலைக்கவில்லை.

"செத்தது யாரு?" என்றார் அண்ணி.

"சாக்பீஸ்னு எல்லாரும் கூப்பிடுவாங்க. கடைவீதியில பார்க்கிங் சீட்டு பார்ப்பாரே, அவர்தான். கடைகளுக்குப் பின்னாடி இருக்கிற சந்துல, காருக்கும் சுவருக்கும் நடுவுல வச்சு நசுக்கியிருக்காங்க. முந்தாநாள் மதியம். அன்னிக்குச் சாயங்காலமே இவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"இவரை ஏன் பிடிச்சாங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவருக்கு அதே வீதியில் பேட்டரிக் கடை. அன்று காலை முறைப்படி பார்க்கிங் சீட்டு வாங்கிக் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கதவை அறைந்து சாத்தியதில் அது பறந்து குப்புற விழுந்துவிட்டது. சீட்டு தெரியவில்லை என்று சாக்பீஸ் அபராதம் போட்டுவிட்டார்.

"இவருக்கு மூக்கு மேல கோபம் வரும் மேடம். 'ஒருநாள் இல்ல ஒருநாள் நீ என் டயருக்கு அடியிலதான் போகப்போறே'ன்னு நடுவீதியில நின்னு கத்திட்டாரு. வீதி பூரா கேட்டுச்சு."

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கஷ்டமே! அந்தச் சீட்டைக் கொண்டுபோய் ஆபீஸ்ல காட்டியிருந்தா அபராதத்தை ரத்து பண்ணியிருப்பாங்களேம்மா. காசு கட்டியாச்சுங்கறதுக்கு அதுதானே சாட்சி. ஒரு வாய்த்தகராறுகூட வேண்டியதில்லையே!"

"சாக்பீஸும் அதைத்தான் சொன்னாராம். இவரு காதுல வாங்கணுமே" என்றாள் அவள். "எங்க பையன் ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறான். கொலைகாரன் மகன்கறாங்களாம். எனக்குன்னு இருக்கிறது இவரும் எங்க அண்ணனும்தான். அப்பா அம்மா போனப்புறம் என்னை வளர்த்து ஆளாக்கினது அண்ணன்தான். இப்ப வக்கீலுக்கு அலையறதும் அவர்தான்."

கூட வந்திருந்த அந்த அண்ணனைக் கடைவீதியில் மாஸ்டர் என்பார்கள். கோட்டு தைப்பதில் பெயர் வாங்கியவர். மற்றதை அவர் விளக்கினார்.

"அந்தச் சந்து சரக்கு இறக்கறதுக்காக மேடம். ரெண்டு பக்கமும் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். சாவி கடைக்காரங்ககிட்ட மட்டும்தான். எங்கள்ல கார் வச்சிருக்கிறது நாலு பேரு. நான், மாப்பிள்ளை, பல் டாக்டர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அதனால வெளியாள் கார் இல்லைன்னு போலீஸ் முடிவு பண்ணிட்டாங்க."

"நாலு பேர்ல ஒருத்தர். அப்புறம்?"

"எங்க வீதியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல காரை நிறுத்தக் கூடாது. யாரு நகர்ந்தா, யாரு நகரலைன்னு தெரிஞ்சுக்க சாக்பீஸ் ஒரு வழி வச்சிருந்தாரு. பின்சக்கரத்துல மேலேர்ந்து கீழே ஒரு கோடு இழுத்து, அப்படியே கையை எடுக்காம தரையிலயும் இழுத்துடுவாரு. கார் ஒரு சாண் நகர்ந்தாலும் சக்கரத்துக் கோடும் தரைக்கோடும் ஒட்டாது. அன்னிக்கு மதியம் எல்லாக் காருக்கும் கோடு போட்டுட்டுத்தான் போனாரு. போலீஸ் வந்து பார்த்தப்ப எங்க மூணு பேர் காரும் கோடு ஒட்டினபடி நின்னுச்சு. மாப்பிள்ளை கார்ல மட்டும்..." மாஸ்டர் பேச்சை நிறுத்திக் கையைப் பிசைந்தார். "சொல்லவே நாக்கு கூசுது மேடம்."

"யாரோ போன் பண்ணி, வண்டி நின்னுபோச்சு, பேட்டரி கொண்டுவாங்கன்னாங்களாம்" என்றாள் தங்கை. "வீதி வழியாத்தான் போனாரு. அங்க போறதுக்குள்ள தள்ளி ஸ்டார்ட் பண்ணிட்டுக் கிளம்பிட்டாங்க போல, ஆளே இல்லை. அதை யாரு நம்பறாங்க? பம்பர்ல வேற பழைய நசுங்கல் இருக்கு."

"உங்க மூணு பேர் காரும் இப்ப எங்கே?" என்று கேட்டார் அண்ணி.

"அங்கேயேதான். போட்டோ எடுத்தாச்சு, ஆனாலும் நிபுணருங்க வந்து பார்க்கற வரைக்கும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. நாங்க ஆட்டோவுலதான் வந்தோம்."

அண்ணி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். வாத்தியார் அதற்குள் காரின் சாவியோடு வாசலில் நின்றார்.

காரை விட்டு இறங்கும் முன்பே வாத்தியார் கடைவீதியைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். சாக்பீஸ் போய் இரண்டே நாள். அதற்குள் கார்கள் கண்ட மேனிக்கு நின்றன. ஒன்று நடைபாதையில் ஏறியிருந்தது, இன்னொன்று கிளினிக் வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. சீட்டு வாங்கும் இயந்திரத்தின் பக்கம் ஈ காக்கை இல்லை. செத்த மனிதனுக்குத் துக்கம் கொண்டாடுவதற்குப் பதில் இலவசமாகக் கார் நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாயைத் திறந்தால் மூடாத ரகம். "முந்தாநாள் ராத்திரி மழையில கடைப்படி வரைக்கும் தண்ணி மேடம்! ஃபிரேம் பெட்டியெல்லாம் நனைஞ்சுபோச்சு. என் காருக்குள்ள தண்ணி போச்சான்னு பார்க்கக்கூட போலீஸ் விடலை. ரெண்டு மணி நேரச் சட்டம் போட்ட வீதியில ரெண்டு நாளா நிக்குது, கொடுமையைப் பாருங்க."

"நீங்கல்லாம் நாள் பூரா கடையில இருக்கறவங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் காரை எங்க கொண்டுபோய் விடுவீங்க?" என்றார் அண்ணி.

அவர் வாத்தியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கேயும் போக மாட்டோம் மேடம். ஒரு சுத்துதான்."

"ஒரு சுத்துன்னா?"

"சாக்பீஸ் திரும்பி வர்ற நேரமாச்சுன்னா காரை எடுத்துச் சந்துக்குள்ள விட்டு அந்தப் பக்கமா வந்து, அதே இடத்துல நிறுத்திடுவோம். கோடு கலைஞ்சுடும். புதுசா வந்த கார் மாதிரி ஆயிடும்."

வாத்தியார் குறுக்கே பாய்ந்தார். "அது எப்படிய்யா புதுக் காராகும்? வீதியை விட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகாம திரும்பி வந்து நிறுத்தக் கூடாதுன்னு பலகையில கொட்டை எழுத்துல போட்டிருக்கே! சுத்தினாலும் குத்தம் குத்தம்தான்."

"அது தெரியும் சார். சாக்பீஸும் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. ஆனா கோடு கலைஞ்சப்புறம் எதை வச்சு நிரூபிப்பாரு? அதான், 'ஒருநாள் சந்துக்குள்ளயே வந்து நிக்கப்போறேன், அப்ப தெரியும் சேதி'ன்னு இந்த வாரம் பூரா சொல்லிட்டிருந்தாரு." சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. "ஐயோ, அன்னிக்கு நான் சுத்தப் போகலை மேடம். சாப்பிட்டுட்டு மேஜையிலயே படுத்துத் தூங்கிட்டேன். சத்தியமா!"

பல் டாக்டரின் கிளினிக்கில் வேறு மாதிரி இருந்தது. சாக்பீஸ் இடிபட்ட நேரத்தில் அவர் ஒரு நோயாளியின் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நர்ஸ் இருந்தாள். அவர் மனதில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"உடனே உயிர் போகலையாம் மேடம். பிரேதப் பரிசோதனை பண்ணின டாக்டர் எனக்குத் தெரிஞ்சவர். ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்குன்னார். வீதி முனையில ஆஸ்பத்திரி. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நான். இடிச்சவன் ஒரு குரல் கொடுத்திருந்தா போதும். ஒரே ஒரு குரல்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

மாஸ்டரின் கடையில் அவர் தடித்த கம்பளித் துணியை விரித்துக் கோட்டுக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தார். தங்கைக்காக அலைந்தாலும் வாடிக்கையாளர் காத்திருப்பார்களா? வாத்தியார் பேச்சுவாக்கில் வெட்டுமேஜையில் சாய்ந்தார். எழுந்து பார்த்தால் வெள்ளைச் சட்டையின் கையில் நீளமாக ஒரு நீலக் கோடு. குழாயடிக்குப் போய்த் தேய்தேய் என்று தேய்த்தும் கோடு அசையவில்லை.

"தண்ணியில போகாது சார், அது மெழுகு சாக்" என்று மாஸ்டர் வருத்தத்தோடு சிரித்தார். "கம்பளியில சாதா சாக் நிக்காதுன்னு இதைத்தான் வச்சிருக்கேன். வெள்ளை, நீலம் ரெண்டும் உண்டு. கழற்றிக் கொடுங்க, இஸ்திரிப் பெட்டியை வச்சா மாயமா மறைஞ்சுடும்."

"பரவாயில்லை மாஸ்டர், வீட்டுல பார்த்துக்கறேன்" என்றார் வாத்தியார். வீட்டில் என்ன திட்டு கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு அண்ணி, வாத்தியார், மாஸ்டர் மூவரும் கார்கள் நின்ற இடத்துக்குப் போனார்கள். டாக்டரின் காரில் சக்கரத்துக் கோடு துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது. தரையிலும் எதுவும் இல்லை. கண்ணாடிக்காரர் காரிலும் அப்படியே. மழைத்தண்ணீர் பாதிச் சக்கரம்வரை நின்ற சேற்றுத்தடம் மட்டும் மூன்று கார்களிலும் ஒரே மட்டத்தில் ஓடியது. கடைசியில், சந்தின் வாயை ஒட்டி, மாஸ்டரின் கார்.

"இதோ பாருங்க" என்று மாஸ்டர் குனிந்து காட்டினார். பின்சக்கரத்தில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது.

வாத்தியாருக்கு ஒரே உற்சாகம். "அண்ணி, இவர் கார் நகரவே இல்லை! இன்னும் கோடு அழியலை பாருங்க. இவரைக் கணக்குலேர்ந்து எடுத்துடலாம். நல்ல வேளை, ஒருத்தராவது தப்பிச்சார்."

அண்ணி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மாஸ்டர் கடைக்குத் திரும்பும்வரை காத்திருந்தார். பிறகு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, கோட்டின் நுனியில் மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தார். அதில் சேறுதான் இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் வாத்தியார் ஓயவில்லை. கண்ணாடிக்காரர்தான் ஆள் என்றார். தூங்கினேன் என்றது பச்சைப் பொய் என்றார். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, நாளைக்கு உங்க கார் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொண்டுவாங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சா அண்ணி?"

"தெரிஞ்சது. தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றார் அண்ணி. அன்று அவர் சாப்பிடவில்லை என்று வாத்தியாரின் அண்ணன் பிறகு சொன்னார்.

மறுநாள் காலை பூட்டிக் கிடந்த பேட்டரிக் கடையைத் தங்கை திறந்துவிட்டாள். டாக்டர், கண்ணாடிக்காரர், மாஸ்டர் மூவரும் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் சுவரோரமாக நின்றார். பழைய இன்சூரன்ஸ் வழக்குகளில் அண்ணியின் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனதில்லை என்பது அவருக்குத் தெரியும். நடுவில் வாத்தியாரின் ஸ்டெப்னி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

"சாக்பீஸை யாரும் திட்டம் போட்டுக் கொல்லலை" என்று அண்ணி ஆரம்பித்தார். "அவரு சொன்னபடியே அன்னிக்குச் சந்துக்குள்ள போய் நின்னிருக்கார். ஒருத்தர் அவசரமா ஒரு சுத்து வந்தார். குறுகலான திருப்பம், இடிச்சுட்டார். அதுவரைக்கும் அது விபத்துதான். அதுக்கப்புறம் நடந்ததுதான் விபத்து இல்லை."

கண்ணாடிக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"காரைப் பழைய இடத்துலயே கொண்டுவந்து நிறுத்தினார். தரையில கோடு இருக்கு. சக்கரத்துக் கோடு எங்கேயோ திரும்பிப் போச்சு. அதைத் துடைச்சுட்டு, தரைக்கோட்டோட ஒட்டற மாதிரி புதுசா ஒண்ணு இழுத்தார். போலீஸ் வந்தப்ப மூணு காரும் ஒரே மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி மழை வந்திருக்கலைன்னா நானும் ஏமாந்திருப்பேன்." அண்ணி வெறுங்கையை நீட்டினார். "டயர்ல ஒரு கோடு போடணும். யார்கிட்டயாவது ஏதாவது இருக்கா?"

மாஸ்டரின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. கேட்டால் எடுத்துக் கொடுத்தே பழகிய கை. தட்டையான வெள்ளைக் கட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் கையை இழுக்கப் பார்த்தார். அதற்குள் அண்ணி அதை வாங்கிவிட்டார்.

ஸ்டெப்னியில் அதால் ஒரு கோடு. இன்ஸ்பெக்டர் ஒரு உறையிலிருந்து சாக்பீஸின் பையில் கிடந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கொடுத்தார், அதால் பக்கத்தில் இன்னொரு கோடு. வாத்தியார் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். ஒரு கோடு கரைந்து பாலாக ஓடியது. இன்னொன்று அப்படியே இருந்தது.

வாத்தியார் தன் சட்டைக்கையை நினைத்துக்கொண்டார். நேற்று 'கணக்கிலேர்ந்து எடுத்துடலாம்' என்று குதித்ததை நினைத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சாக்பீஸ் போட்ட கோடு மழையில போயிடுச்சு, ரெண்டு கார்லயும்" என்றார் அண்ணி. "மூணாவது கார்ல இருக்கிறது அவர் போட்ட கோடு இல்லை."

"என் கடையில யார் வேணும்னாலும் வருவாங்க" என்றார் மாஸ்டர். "யாராவது சாக்கை எடுத்து..."

"எடுத்து உங்க கார் நகரலைன்னு காட்டறதுக்கா கோடு போட்டாங்க? உங்களைக் காப்பாத்த அவ்வளவு அக்கறை யாருக்கு மாஸ்டர்?"

"உங்க கார் நம்பர் பலகைக்குப் பின்னாடி காலையிலேயே ஆள் விட்டுப் பார்த்தாச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "யூனிஃபார்ம் துணி, சட்டைப் பொத்தானோட மாட்டியிருக்கு. மேடம் பேசி முடிக்கட்டும்னுதான் நின்னேன்."

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வாத்தியார் மட்டும் தங்கையைப் பார்த்தார். அவள் அழவில்லை, அலறவில்லை. அண்ணனின் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணா, அவருக்கு உயிர் இருந்துச்சா?"

"இந்த மாசம் எனக்கு ரெண்டு அபராதம் ஆயிடுச்சும்மா. மூணாவது ஆச்சுன்னா வண்டிக்குப் பூட்டு போட்டு எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு..."

"அதைக் கேக்கலை. உயிர் இருந்துச்சா?"

மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பைப் பிடித்துக்கொண்டார். "இருந்துச்சு. சுவர்ல சாய்ஞ்சு நின்னாரு. என்னைப் பார்த்து, 'மாஸ்டர், வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க'ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. கோபம்கூட இல்லை. எடுத்தேன். அப்படியே கீழ உட்கார்ந்தாரு. நான்... நான் மறுபக்கமா வந்துட்டேன். யாராவது பார்த்துத் தூக்கிட்டுப் போவாங்கன்னு நினைச்சேம்மா. எழுந்துடுவாருன்னு நினைச்சேன்."

பல் டாக்டர் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார்.

"இவரைப் பிடிச்சுட்டுப் போனப்ப?"

"மாப்பிள்ளையை எப்படியும் வெளிய எடுத்துடலாம்னு இருந்தேன். சாட்சி இல்லைன்னு வக்கீல் சொன்னாரு. அதுக்குத்தானே நாயா அலைஞ்சேன்? உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாதே." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அன்னிக்கு ராத்திரி நீதானே எனக்குச் சோறு ஊட்டினே. அழாதேம்மான்னு கண்ணைத் துடைச்சே. அந்தக் கையாலதானே கோடு போட்டே?"

மாஸ்டர் தன் கையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தோளைத் தொட்டதும் எழுந்தார். போகிற போக்கில் வழக்கம்போல் தங்கையின் தலையில் கை வைக்கப் போனார். அவள் விலகிக்கொண்டாள். அந்தக் கை எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவரை அழைத்துப் போனார்கள்.

வெளியே யாரோ புதிதாக ஒரு காரைக் கொண்டுவந்து கடை வாசலை அடைத்து நிறுத்தினார்கள். வேறு நாளாயிருந்தால் வாத்தியார் ஒரு பாடமே நடத்தியிருப்பார். இன்றைக்கு அதற்கு மனசு வரவில்லை.

"உங்க வீட்டுக்காரரைச் சாயங்காலத்துக்குள்ள விட்டுடுவாங்கம்மா" என்றார் அண்ணி மெதுவாக.

தங்கை தலையாட்டினாள். ஸ்டெப்னியிலிருந்து வழிந்த தண்ணீர் பேட்டரிகளின் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு துணியை எடுத்துவந்து குனிந்து துடைக்க ஆரம்பித்தாள்.

"அவரு வந்ததும் முதல்ல அண்ணன் எங்கேன்னுதான் கேப்பாரு" என்றாள் நிமிராமலே. "ஜெயிலுக்குப் பார்க்கப் போனப்பகூட, உங்க அண்ணன் இருக்காரு, எனக்கு ஒரு பயமும் இல்லைன்னாரு."

வாத்தியார் அவள் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு, மீதியைத் தானே துடைத்தார்.